ஜப்பான் புல்லட் ரயிலில் குடும்பத்தோடு போகும்போது கிரீன் கார் எடுக்க வேண்டுமா?

நீங்களும் உங்கள் கணவரும், ஒன்பது வயது மகளும் நான்கு வயது மகனும், முழங்கால் வலியுள்ள எழுபது வயது மாமியாருமாக ஐந்து பேர் ஏப்ரல் கடைசியில் ஜப்பான் போகிறீர்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோ, கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா, ஹிரோஷிமாவிலிருந்து நேராக டோக்கியோ என்று ஷின்கான்சென் எனப்படும் புல்லட் ரயிலில் மூன்று பயணங்கள். இவற்றுக்கு முதல் வகுப்பான கிரீன் காரில் இடம் எடுப்பதா, சாதாரணப் பெட்டியே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒசாகாவில் வேலை பார்த்த ஆண்டுகளில் ஊரிலிருந்து வந்த உறவினர்களைப் பல முறை இதே வழித்தடத்தில் அழைத்துப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் இரண்டு பயணங்களுக்குச் சாதாரண முன்பதிவுப் பெட்டியே உங்களுக்கு ஏற்றது. மூன்றாவது பயணத்தில் மட்டும் மாமியாருக்கும் அவரோடு உட்காரும் ஒருவருக்கும் கிரீன் காரில் இடம் எடுக்கலாம். ஐந்து பேருக்கும் மூன்று பயணங்களுக்கும் கிரீன் கார் எடுத்தால் பணமும் கூடுதலாகும், நீங்கள் ஒருவரையொருவர் பிரிந்தும் உட்கார நேரும்.

நம் ஊரில் சதாப்தியிலோ வந்தே பாரத்திலோ சேர் காருக்கும் எக்ஸிகியூட்டிவ் வகுப்புக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் பலரும் கிரீன் காரைப் பற்றி யோசிக்கிறார்கள். அந்த ஒப்பீடு இங்கே முழுதாகப் பொருந்தாது. ஷின்கான்செனின் சாதாரணப் பெட்டியிலேயே முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையிலான தூரம் 104 சென்டிமீட்டர். விமானத்தின் எகானமி வகுப்பில் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 80 சென்டிமீட்டர்தான். சாய்ந்துகொள்ளலாம், மடிப்பு மேசை உண்டு, இருக்கை வரிசை முழுவதையும் திருப்பிப் பின்வரிசையோடு எதிரெதிராக வைத்துக்கொள்ளவும் முடியும். 2020 ஜூலையில் ஓடத் தொடங்கிய என்700எஸ் வகை வண்டிகளில் எல்லா இருக்கைக்கும் மின்செருகி இருக்கிறது. ஆகவே சாதாரணப் பெட்டியே மிக வசதியானது. அதற்கு மேல் கிரீன் கார் எதைத் தருகிறது, அது உங்கள் ஐவருக்கும் பயன்படுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கிரீன் காரில் வரிசைத் தூரம் 116 சென்டிமீட்டர், அதாவது பன்னிரண்டு சென்டிமீட்டர் கூடுதல். இருக்கை மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலமாக இருக்கும். கால் வைக்கும் பலகை, படிப்பு விளக்கு, தடித்த தரைவிரிப்பு எல்லாம் உண்டு. என்700எஸ் வண்டியின் கிரீன் பெட்டிகளில் அதிர்வைக் குறைக்கும் தனி அமைப்பும் இருக்கிறது. இவற்றையெல்லாம் விட அதன் பெரிய சிறப்பு அமைதி. டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் பதினாறு பெட்டி வண்டியில் மொத்தம் 1323 இருக்கைகள். அவற்றில் 8, 9, 10 ஆகிய மூன்று பெட்டிகளில் உள்ள 200 மட்டுமே கிரீன். வார நாள்களில் அவற்றில் பெரும்பாலும் அலுவலகப் பயணிகள் கண்ணயர்ந்திருப்பார்கள் அல்லது ஓசையின்றி வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளுக்கு அங்கே எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் நான்கு வயதுப் பையன் ஜன்னலைத் தட்டிக் குதூகலிக்கும்போதெல்லாம் நீங்கள் அவன் வாயைப் பொத்திக்கொண்டே இரண்டேகால் மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். தனியாகப் போகும் ஒருவருக்கோ தம்பதிக்கோ கிரீன் கார் தரும் ஓய்வு குழந்தையோடு போகும் தாய்க்குக் கிடைப்பதில்லை என்பதை என் தங்கை குடும்பத்தோடு போன பயணத்தில் நேரில் கண்டேன். முன்னால் உறங்கிக்கொண்டிருந்தவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் கியோட்டோவில் இறங்கும்வரை அவளுக்கு நிம்மதி இல்லை.

இனி, முக்கியமான விஷயமான இருக்கை அமைப்புக்கு வருகிறேன். டோக்கியோ வழித்தடத்தின் சாதாரணப் பெட்டியில் நடைவழியின் ஒரு பக்கம் ஏ, பி, சி என்று மூன்று இருக்கைகளும் மறுபக்கம் டி, ஈ என்று இரண்டும் இருக்கின்றன. கிரீன் காரில் இரு பக்கமும் இரண்டிரண்டு. இப்போது உங்கள் ஐந்து பேரையும் இதில் உட்கார வைத்துப் பாருங்கள். சாதாரணப் பெட்டியில் ஒரே வரிசை முழுவதும் உங்களுடையது: இந்தப் பக்கம் பிள்ளைகள் இருவரும் நீங்களும், அந்தப் பக்கம் மாமியாரும் கணவரும். நடைவழியைத் தாண்டிக் கை நீட்டினால் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்து வாங்கலாம். கிரீன் காரில் நால்வர் ஒரு வரிசையில் உட்கார, ஐந்தாமவர் அடுத்த வரிசையில் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கும் இதே கதைதான். சாதாரணப் பெட்டியின் ஏ, பி, சி மூவரையும் சேர்த்தே வைத்திருக்கும், கிரீன் காரோ இருவர், ஒருவர் என்று பிரித்துவிடும். ஆறு பேர் என்றால் மூன்று இருக்கை வரிசைகள் இரண்டை எதிரெதிராகத் திருப்பி ஒரு சிறு கூடம்போல் ஆக்கிக்கொள்ளலாம். நால்வர் குடும்பத்துக்கு மட்டும்தான் கிரீன் காரின் அமைப்பு உண்மையிலேயே இசைவானது.

இன்னொரு சிறு வேறுபாடு, சிறு குழந்தை உள்ளவர்களுக்குப் பெரியது. சாதாரண இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கைப்பிடியை மேலே தூக்கிவிடலாம். தூக்கிவிட்டால் மூன்று இருக்கையும் ஒரு பெஞ்சு போல ஆகிவிடும், பையன் தூங்கினால் உங்கள் மடியில் தலை வைத்துக் காலை நீட்டிப் படுத்துக்கொள்வான். கிரீன் காரின் நடுக் கைப்பிடி அகலமானது, தூக்க முடியாதது. பெரியவர்கள் இருவர் முழங்கை இடிபடாமல் இருப்பதற்காக அமைத்த அந்த நல்ல ஏற்பாடே தாயையும் பிள்ளையையும் பிரித்து வைக்கிறது.

கட்டணத்தில் பலரும் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. ஷின்கான்சென் சீட்டின் விலை அடிப்படைக் கட்டணம், அதிவேக வண்டிக் கட்டணம் என்ற இரண்டும் சேர்ந்தது. ஆறு வயது முதல் பதினொரு வயது வரையிலான குழந்தைகளுக்கு இரண்டிலும் பாதி விலை. ஆனால் கிரீன் காருக்கான கூடுதல் கட்டணத்தில் குழந்தைச் சலுகை கிடையாது; பெரியவரும் குழந்தையும் ஒரே தொகைதான். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு, அந்த வழித்தடத்தின் மிக விரைவான வகையான நொசோமி வண்டியில் வழக்கமான நாளில் பெரியவர் ஒருவருக்குச் சாதாரண முன்பதிவு இருக்கை 14,170 யென், கிரீன் இருக்கை 19,040 யென். குழந்தைக்குச் சாதாரணத்தில் ஏறத்தாழ 7,080 யென், கிரீனில் 12,220 யென். அதாவது பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது; குழந்தைக்கோ முக்கால் பங்குக்கு அருகில் கூடுகிறது. ஐந்து இருக்கைகளுக்கும் கணக்கிட்டால் சாதாரணத்தில் 56,670 யென், கிரீனில் 81,560 யென். ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ 25,000 யென் வித்தியாசம். அந்தப் பணத்தைக் கியோட்டோவில் கோயில்களுக்கு டாக்சியில் போய்வரச் செலவிடலாம், உங்கள் மாமியாரின் முழங்காலுக்கு அதுதான் மெய்யான உதவி.

மகனுக்குத் தனி இருக்கை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் கட்டணம் செலுத்தும் பயணி ஒருவருக்கு இருவர் என்ற அளவில், தனி இருக்கை கேட்காதவரை, கட்டணமின்றி வரலாம். தனி முன்பதிவு இருக்கை வேண்டுமென்றால் குழந்தைக் கட்டணம் கொடுக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையை இரண்டேகால் மணி நேரம் மடியில் வைத்திருப்பது எளிதன்று, அதுவும் விடுமுறை நெரிசலில். ஆகவே கியோட்டோ பயணத்துக்கும் திரும்பும் பயணத்துக்கும் அவனுக்கு இருக்கை வாங்கிவிடுங்கள் என்பேன். வாங்காமல் நான்கு இருக்கைகள் மட்டும் எடுத்தால், ஐந்தாவது இருக்கையில் அறிமுகமற்ற ஒருவர் வந்து உட்காருவார். ஒரு வரிசை முழுவதும் உங்கள் கையில் இருக்கும் வசதியும் போய்விடும்.

கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போகும் இரண்டாவது பயணத்துக்கு வேறொரு நல்ல வழி உண்டு. சுற்றுலா வருபவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. கியோட்டோவிலிருந்து ஷின்-ஒசாகா வரை பதினைந்து நிமிடப் பயணம். அங்கே இறங்கி, ககோஷிமா பக்கம் போகும் சகுரா வண்டியில் ஏறுங்கள். எட்டுப் பெட்டிகள் கொண்ட அந்த வண்டியில் 4 முதல் 8 வரையிலான முன்பதிவுப் பெட்டிகளின் சாதாரண இருக்கைகளே இரண்டிரண்டாக அமைந்தவை. கிரீன் காரின் அகலத்தை ஒத்த இருக்கை, கூடுதல் கட்டணம் ஏதுமில்லாமல் கிடைக்கிறது. ஹிரோஷிமாவுக்கு அதில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இந்தக் குறுகிய பயணத்தில் மகனை மடியில் வைத்துக்கொண்டால் நால்வருக்கான வரிசை சரியாகப் பொருந்திவிடும். இந்த வண்டியிலும் ஆறாம் பெட்டியின் பாதியில் 24 கிரீன் இருக்கைகள் இருக்கின்றன. ஆனால் பக்கத்திலேயே இத்தனை நல்ல சாதாரண இருக்கை இருக்கும்போது அவற்றைக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் ஒருபோதும் பரிந்துரைத்ததில்லை. முன்பதிவில்லாத 1, 2, 3 ஆம் பெட்டிகள் மட்டும் மூன்றும் இரண்டுமாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது பயணம் வேறு வகையானது. ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ நான்கு மணி நேரம்; பயணத்தின் கடைசி நாள், எல்லோரும் களைத்திருப்பார்கள். முழங்கால் மடங்கியே நான்கு மணி நேரம் உட்காருவது உங்கள் மாமியாருக்குச் சிரமம். இங்கேதான் அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரும் கால் பலகையும் பயன்படுகின்றன. வண்டியின் 10 ஆம் பெட்டி கிரீன்; அதை ஒட்டிய 11 ஆம் பெட்டி சாதாரண முன்பதிவுப் பெட்டி. மாமியாருக்கும் உங்கள் கணவருக்கும் 10 ஆம் பெட்டியில், 11 ஆம் பெட்டியை ஒட்டிய கோடியில் இரண்டு இடம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் 11 இல் ஏ, பி, சி மூன்று இடம். நடுவில் ஒரு கதவுதான். கணவர் இடையிடையே வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் கூடுதல் செலவு இருவருக்கு மட்டும், ஒருவருக்கு 7,260 யென் வீதம்.

அந்த 11 ஆம் பெட்டியை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமான கழிவறை அங்கேதான் இருக்கிறது. பையனோடு நீங்களும் உள்ளே போய்த் திரும்ப அதில் இடமுண்டு. கைப்பிடிக் கம்பிகள் இருப்பதால் முழங்கால் வலியுள்ள முதியவருக்கும் அதுவே நல்லது. பலவகைப் பயன்பாட்டுக்கான ஒரு சிறு அறையும் அங்கே உண்டு; பால் கொடுக்கவோ உடல்நிலை சரியில்லாதவர் படுக்கவோ ஊழியரிடம் கேட்டால் காலியாக இருக்கும்போது திறந்துவிடுவார்கள். கியோட்டோ பயணத்துக்கும் 11 அல்லது 12 ஆம் பெட்டியையே தேர்ந்தெடுங்கள். 7 ஆம் பெட்டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது மடிக்கணினியில் வேலை செய்துகொண்டே போகிறவர்களுக்கென்று ஒதுக்கியது.

சூட்கேஸ்களைப் பற்றியும் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் இருக்கைத் தேர்வையே அது மாற்றிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டி 250க்குள் இருக்கும் பெரிய சூட்கேஸ்களுக்கு 2020 மே முதல் தனி விதி வந்திருக்கிறது. பெட்டியின் கடைசி வரிசைக்குப் பின்னாலுள்ள இடம் அவற்றுக்கு உரியது. அந்த வரிசை இருக்கைகளைப் பெரிய சாமானுக்கான இடத்தோடு சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென் வசூலிப்பார்கள். குழந்தைத் தள்ளுவண்டிக்கு இந்த விதி இல்லை. உங்களிடம் அப்படிப்பட்ட சூட்கேஸ்கள் இருந்தால் 12 ஆம் பெட்டியின் கடைசி வரிசை ஐந்து இருக்கைகளையும் பிடிக்க முயலுங்கள். பின்னால் யாரும் இல்லாததால் தயக்கமின்றிச் சாய்ந்துகொள்ளலாம் என்பது அந்த வரிசையின் இன்னொரு நன்மை.

ஆனால் என் மனத்தில் சிறந்த வழி, சூட்கேஸ்களை ரயிலில் ஏற்றாமலே இருப்பதுதான். ஜப்பானில் தக்கியூபின் என்னும் பொருள் அனுப்பும் சேவை மிக நம்பகமானது. டோக்கியோ ஹோட்டல் வரவேற்பறையில் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஹோட்டலில் இருக்கும். சூட்கேஸ் ஒன்றுக்குச் சில ஆயிரம் யென் ஆகும். இடைப்பட்ட நிலையங்களில் வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும். அந்த நேரத்துக்குள் இரண்டு பிள்ளைகளையும் முதியவர் ஒருவரையும் மூன்று பெரிய சூட்கேஸ்களையும் கியோட்டோ நடைமேடையில் இறக்குவதை எண்ணிப் பார்த்தால், கிரீன் காருக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பது எவ்வளவு மேல் என்பது விளங்கும்.

குறிப்பிட்ட நாள்களுக்குள் விருப்பம்போல் ரயிலில் போக உதவும் ஜப்பான் ரயில் பாஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023 அக்டோபர் விலை உயர்வுக்குப் பின் ஏழு நாள் சாதாரணப் பாஸ் 50,000 யென், கிரீன் பாஸ் 70,000 யென்; குழந்தைகளுக்கு இரண்டிலுமே பாதி விலை. தனிச் சீட்டில் இல்லாத குழந்தைச் சலுகை கிரீன் பாஸில் கிடைப்பது உண்மைதான். ஆனால் உங்கள் மூன்று பயணங்களையும் தனித்தனிச் சீட்டாக வாங்கினால் பெரியவர் ஒருவருக்கு 50,000 யென்னைத் தொடுவதில்லை. பாஸ் வைத்திருப்பவர் நொசோமி வண்டியில் ஏற வேண்டுமானால் தனிக் கட்டணமும் உண்டு. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அது 4,960 யென். ஆகவே உங்கள் திட்டத்துக்குப் பாஸ் வேண்டாம். வடக்கே செண்டாய், அவோமோரி வரையும் அதே வாரத்தில் போவதாக இருந்தால் மட்டும் மறுபடி கணக்கிடுங்கள். அந்தப் பக்கம் ஓடும் ஹயபுசா வண்டிகளில் கிரீனுக்கும் மேலாக கிரான்கிளாஸ் என்று 18 இருக்கைகள் கொண்ட ஒரு வகுப்பு இருக்கிறது. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்ற அமைப்பு என்பதால் அது குடும்பத்துக்கு அறவே பொருந்தாது.

ஜப்பானிய ரயில்வேயில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு 1969 மே மாதமே ஒழிக்கப்பட்டது. முன்பு முதல் வகுப்பாக இருந்ததுதான் அன்று முதல் நான்கிலை க்ளோவர் சின்னத்தோடு கிரீன் கார் ஆனது. கதவு மூடிய தனியறைகளும் ஒரு காலத்தில் இருந்தன. 1985 இல் வந்த 100 வரிசை வண்டிகளின் மாடிப் பெட்டிகளில் ஒருவர் முதல் நால்வர் வரை தங்கும் அறைகள் இருந்து, அந்த வண்டிகளோடு மறைந்துவிட்டன. டோக்கியோ ஒசாகா வழித்தடத்தை நடத்தும் நிறுவனம், என்700எஸ் வண்டிகளில் வண்டிக்கு இரண்டு தனியறைகளை 2026 நிதியாண்டில் கொண்டுவரப் போவதாக 2024 இல் அறிவித்தது. பிள்ளைகளின் சத்தத்துக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாத இடம் என்பதால், குடும்பங்களுக்குக் கிரீன் காரைவிட அதுவே பொருத்தமாக அமையும் என்று எதிர்பார்க்கிறேன்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. டோக்கியோ ஒசாகா வழித்தடத்தில் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. கிரீன் கார் பயணிகள் மட்டும் இருக்கையிலிருந்தே கைபேசி வழியாகச் சிற்றுண்டி கேட்டு வாங்கலாம். உங்கள் வீட்டில் சைவம் என்று எழுதியிருப்பதால் அந்தச் சலுகையால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. நிலையங்களில் விற்கும் உணவுப் பெட்டிகளில் காய்கறி மட்டும் தெரிந்தாலும் மீன் சாறு சேர்ந்திருப்பது வழக்கம். வண்டியில் சாப்பிடுவதை அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு ஏறுங்கள்.

பிள்ளைகளுக்கு ஃபுஜி மலையைக் காட்ட வேண்டுமல்லவா? டோக்கியோவிலிருந்து போகும்போது வலப்பக்கம், சாதாரணப் பெட்டியில் ஈ இருக்கை, கிரீன் காரில் டி இருக்கை. கிளம்பிய நாற்பது நாற்பத்தைந்து நிமிடத்தில் ஷின்-ஃபுஜி அருகே தெரியும். அந்த நேரத்துக்கு மட்டும் மாமியாரும் கணவரும் ஈ, டி இருக்கைகளைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டால் போதும்.

கடைசியாக, நீங்கள் போகும் நாள்கள். ஏப்ரல் 29 தொடங்கி மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களின் தொடர் விடுமுறை. கோல்டன் வீக் என்று சொல்வார்கள். அந்த நாள்களில் நொசோமி வண்டிகளில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது, எல்லாம் முன்பதிவுதான். கட்டணமும் சில நூறு யென் கூடும். ஐந்து பேருக்கும் ஒரே வரிசை வேண்டுமென்றால் தாமதிக்கவே கூடாது. பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, நமக்குக் காலை 6:30க்கு, வழக்கமான விற்பனை தொடங்கும். சீட்டு முன்பதிவுக்கான ஸ்மார்ட் ஈஎக்ஸ் செயலியில் முன்பே கணக்குத் தொடங்கி, அட்டை விவரங்களைப் பதிந்து வைத்திருங்கள்; இருக்கைப் படத்தைப் பார்த்து 11 அல்லது 12 ஆம் பெட்டியில் ஒரு முழு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். அது கிடைக்காவிட்டால் கிரீன் காருக்குத் தாவாமல், அரை மணி முன்போ பின்போ கிளம்பும் வண்டியைப் பாருங்கள். அந்த வழித்தடத்தில் நொசோமி சில நிமிடங்களுக்கு ஒன்று ஓடுகிறது.